ஈரமண்ணில் வாடிய அவகாடோ – என் அனுபவம்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கொல்லை களிமண். ஜனவரி மழையில் மண் சொதசொதவென்று இருக்கும்போதே நான்கு வயது அவகாடோ வாடியது. இலைகள் சிறுத்து வெளுத்தன. இந்த வாட்டத்தைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றினால் மரம் போச்சு.

மேல்மண்ணை விரலால் கிளறினேன். வெள்ளையாக இருக்கவேண்டிய ஊட்டவேர்கள் (நீரும் சத்தும் உறிஞ்சும் மெல்லிய வேர்கள்) கறுத்து, கிள்ளினால் பொடிந்தன. ஃபைட்டோஃப்தோரா என்ற மண்கிருமியால் வரும் வேரழுகல்.

தண்ணீரை நிறுத்தி, மேட்டுப்பக்கம் கிளைநிழலுக்கு வெளியே ஒரு அடி ஆழ வாய்க்கால் வெட்டி மழைநீரைத் திருப்பிவிட்டேன். கிளைகளில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தேன். நிழல் குறைந்தால் வெயில் பட்டையைச் சுடும், அதனால் பட்டைமேல் வெள்ளை எமல்ஷன் பெயின்ட்டில் சம அளவு தண்ணீர் கலந்து பூசினேன். அடியில் 10 செ.மீ. கனத்துக்கு மரச்சில்லு, தண்டை விட்டு ஒரு சாண் தள்ளி. பச்சைப்புல் வேண்டாம், சூடேறிக் கட்டிதட்டும். கொத்தவும் கூடாது, ஊட்டவேர்கள் மேலாகவே ஓடுகின்றன.

இந்த அழுகலுக்கான பாஸ்பொனேட் மருந்தை லேபிள் அளவில், புதுத்தளிர் முற்றிய பிறகே கொடுத்தேன். தளிர்விடும்போது கொடுத்தால் மருந்து வேருக்கு இறங்காமல் மேலேயே போகும்.

கிருமி மண்ணிலேயே இருக்கும். அடுத்த கன்றை 50 செ.மீ. உயரம், ஒன்றரை மீட்டர் அகல மேட்டில் வைத்தேன்: இந்த அழுகலைத் தாங்கக்கூடிய டூசா அடிமரத்தில் ஒட்டிய ஹாஸ் ரகம்.