மெயின்பிரேமில் பொது நினைவகம் கசிந்தபோது: என் அனுபவம்

சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீட்டிலிருந்து ஒரு நிறுவனத்தின் மெயின்பிரேமை, அதாவது ஐபிஎம்மின் இசட்/ஓஎஸ் இயங்குதளத்தில் ஓடும் பெருங்கணினியை, பராமரிக்கிறேன். அதில் எல்லா வேலைகளும் பகிரும் இசிஎஸ்ஏ எனும் பொது நினைவகத்தின் பயன்பாடு ஏறிக்கொண்டே போனது, இறங்கவே இல்லை: எடுத்ததை ஏதோ ஒரு நிரல் விடுவிக்காத கசிவு.

"அளவைக் கூட்டிவிடலாமா, அக்கா?" என்று கேட்டார் இரவுப் பணியில் இருந்த தம்பி. நான் ஒப்பவில்லை. ஒவ்வொரு வேலைக்கும் முகவரி வெளி எனும் சொந்த நினைவகப் பரப்பு உண்டு; பொதுப் பகுதி எல்லா முகவரி வெளிகளிலும் ஒரே இடத்தில் இருப்பது. 2 ஜிபி எல்லைக்குள் அதை நீட்டினால், ஒவ்வொரு வேலைக்கும் உரிய தனிப்பங்கு சுருங்கும். கசிவோ நிற்காது.

பார்ம்லிப் எனும் அமைப்பு நூலகத்தின் டயக் உறுப்பில் விஎஸ்எம் டிராக் வரியைச் சேர்த்து, சிஎஸ்ஏ (இசிஎஸ்ஏ இதன் நீட்சி), எஸ்கியூஏ எனும் பொதுப் பகுதிகள் இரண்டுக்கும் தடமறிதலை, அதாவது நினைவகத்தை எடுத்தது யார் என்ற பதிவை, இயக்கினேன். இதை எப்போதும் இயக்கத்திலேயே வைத்திருங்கள். இயக்குவதற்கு முன் எடுக்கப்பட்ட நினைவகத்துக்கு உரிமையாளர் யாரென்று தெரியாது.

ஆர்எம்எஃப் எனும் செயல்திறன் அளவீட்டுக் கருவியில், மானிட்டர் 3-இன் ஸ்டார்சிஆர் திரை, முடிந்த வேலைகள் விட்டுச்சென்ற நினைவகத்தைப் பெயரோடு காட்டும். அங்கே ஒரே பெயர் வரிசையாக நின்றது: தினமும் நிறுத்தி எழுப்பப்படும் ஒரு கண்காணிப்புச் செயலி. ஒவ்வொரு முறையும் புதிதாக எடுத்துக்கொண்டது, பழையதை விடுவிக்கவில்லை. திருத்தம் வரும்வரை அந்தத் தினசரி நிறுத்தத்தைக் கைவிட்டோம், ஏற்றம் நின்றது. சிக்கிக் கிடந்த நினைவகம் அடுத்த ஐபிஎல்லில், அதாவது கணினியை மறுபடி தொடக்கியபோது, மீண்டது.