நாம் கேட்காவிட்டால் அவர்கள் சொல்வதில்லை: பெண்களின் சிறுநீர்க் கசிவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாதந்தோறும் சர்க்கரை மாத்திரை வாங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் பெண்களில் பலருக்கு இருமினாலே சிறுநீர் கசிகிறது. அவர்கள் வெட்கப்பட்டுச் சொல்வதில்லை, மருத்துவப் பணியாளர்களான நாமும் கேட்பதில்லை. மற்ற எல்லாத் தவறுகளும் இதிலிருந்துதான் தொடங்குகின்றன. "வேறு ஏதாவது தொந்தரவு உண்டா?" என்பது போதாது. "இருமும்போது, தும்மும்போது கசிகிறதா? அவசரமாக வந்து, கழிப்பறைக்குப் போவதற்குள் போய்விடுகிறதா?" என்று தனிமையில், நேராகக் கேட்க வேண்டும். வரிசையில் நிற்பவர்கள் காதில் விழக் கேட்டால், இல்லை என்றுதான் பதில் வரும்.

முதல் கேள்விக்கு ஆம் என்றால் சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகளின் தளர்ச்சியையும், இரண்டாவதற்கு ஆம் என்றால் சிறுநீர்ப்பை கட்டுப்பாடின்றிச் சுருங்குவதையும் நினைக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தும் வரும். மூன்று நாள் எப்போது, எவ்வளவு போனது, எப்போது கசிந்தது என்று குறித்துவரச் சொன்னால் பாதி விடை கிடைத்துவிடும். அதைச் செய்யாமல் 'வயதானால் அப்படித்தான்' என்று அனுப்பிவிடுவது அநியாயம். பரிசோதிக்காமலே கிருமித்தொற்று மாத்திரை எழுதுவதும் தவறு. தண்ணீரைக் குறைக்கச் சொன்னால் சிறுநீர் அடர்ந்து பையை இன்னும் உறுத்தும், மலச்சிக்கலும் சேரும். கழிப்பறை இல்லாத கடைகளில் நாள் முழுதும் நிற்கும் பெண்கள் ஏற்கெனவே தண்ணீரைக் குறைத்துத்தான் வாழ்கிறார்கள்.

அதிகம் சொதப்பப்படுவது இடுப்புத்தளத் தசைப்பயிற்சிதான். 1948-இல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் ஆர்னால்ட் கெகல் விவரித்த இந்தப் பயிற்சி எளிது. ஆனால் துண்டுப்பிரசுரம் கொடுத்தால் வந்துவிடாது. பலர் மூச்சை அடக்கி வயிற்றை முக்குகிறார்கள்; அது தசையைக் கீழேதான் தள்ளும். காற்றுப் பிரியாமல் அடக்குவதுபோல உள்ளே, மேலே இழுக்க வேண்டும். சரியாக இழுக்கிறாரா என்பதைப் பயிற்சி பெற்றவர் பரிசோதித்துச் சொல்ல வேண்டும். ஒரு வேளைக்கு 8 முறை, நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். சிறுநீர் கழிக்கும்போதே நிறுத்தி நிறுத்திப் பழகுவது கூடாது. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீடு தேடிப் போகிறார்கள். இந்தப் பயிற்சியும் அவர்கள் கைக்குப் போக வேண்டும்.

மருந்துச் சீட்டையும் பாருங்கள். நீர் பிரியும் மாத்திரையை மாலையில் விழுங்குகிறாரா? சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? மூதாட்டிகளுக்குச் சிறுநீர்ப்பைச் சுருக்கத்தைத் தணிக்கும் ஆக்சிபியூட்டினின் மாத்திரை தொடங்கினால் மனக்குழப்பம் வரலாம்.

சிறுநீரில் ரத்தம், அடியிறக்கம் (கருப்பை கீழிறங்குவது), பிரசவத்துக்கோ கருப்பை அறுவைக்கோ பிறகு இடைவிடாத ஒழுகல் இருந்தால் மேல்மருத்துவமனைக்கு அனுப்புங்கள். திடீர்க் கசிவோடு கால் பலவீனமோ, அந்தரங்கப் பகுதியில் மரத்துப்போதலோ இருந்தால் அன்றே அனுப்புங்கள்.