பில் இல்லாமல் மிச்சமான பத்தாயிரம்

போன வாரம் அந்தியூர்த் தம்பி ஒருவன் போனை நீட்டினான். "இந்தக் கேமராவுக்குக் கடைக்காரரு 1,18,000 சொல்றாருங்ணா. இங்க ஆன்லைன்ல பாருங்க, பில் இல்லாம 1,08,000 தான். பார்சல்லயே வந்துருமாமா." கல்யாணப் போட்டோ எடுக்க வந்த புதிதில் நானும் இதே கணக்குப் போட்டுச் சிரித்தவன்தான்.

பேட்டரி சார்ஜ் போட மறப்பதெல்லாம் இரண்டு கல்யாணத்தில் திருந்திவிடும். பில் இல்லாமல் வாங்குகிற பழக்கம் திருந்துவதற்குள் காசு போய்விடும்.

"பில் வேண்டாமுங்களே?"

விற்பவர் இப்படிக் கேட்டு விலையைக் குறைத்தால், பல நேரம் அது வேறு நாட்டில் விற்க வேண்டிய சரக்கு. பெட்டி, சீல் எல்லாம் அசல்தான். ஆனால் கம்பெனியின் இந்தியக் கிளை வழியாக வராததால் இங்கே வாரண்டி செல்லாது.

நான் அப்படி வாங்கிய பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) நாலாம் மாதம், கோபியில் ஒரு மண்டபத்தில் இணைச்சீர்ச் சடங்கு நடந்துகொண்டிருக்கும்போதே ஷட்டர் சிக்கி நின்றது. கோயம்புத்தூர் சர்வீஸ் சென்டரில் முதலில் கேட்டது பில். இல்லை. ஷட்டர் மாற்றிய செலவும் வாடகைக்கு எடுத்த பாடியும் சேர்ந்து, மிச்சம் பிடித்ததைத் தின்றுவிட்டன. விற்றவர் போனையே எடுக்கவில்லை. இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல்தான்.

இன்னொன்று. கேமராவுக்கான ஜிஎஸ்டி 2019 ஜனவரியில் 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. 1,18,000-இல் வரி மட்டும் 18,000. உங்கள் ஸ்டுடியோ வழக்கமான முறையில் ஜிஎஸ்டி கட்டுவதாக இருந்தால், உங்கள் ஜிஎஸ்டி நம்பர் போட்ட பில்லைக் காட்டி அதைக் கழித்துக்கொள்ளலாம். அப்போது அடக்கம் ஒரு லட்சம். பில் இல்லாத 1,08,000 தான் எட்டாயிரம் அதிகம்!

பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு விதிகளின்படி இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, எம்.ஆர்.பி. எல்லாம் இருக்க வேண்டும். அந்த ஸ்டிக்கர் இல்லையென்றால் கீழே வைத்துவிடுங்கள்.

ஆன்லைன் என்றாலே மோசமா?

அப்படியும் இல்லை. மொத்தமாக எடுப்பதாலும் பேங்க் கார்டு சலுகையாலும் நியாயமாகவே விலை குறையும். கோயம்புத்தூர் காந்திபுரத்துக் கடைக்காரருக்கு வாடகை, ஆள் சம்பளம், சரக்கில் முடங்கிய பணம் எல்லாம் உண்டு. அதற்காகக் கடையில் இருப்பதெல்லாம் கம்பெனியின் இந்தியக் கிளை வழியாக வந்த சரக்கு என்றும் நம்பிவிடாதீர்கள். அங்கேயும் அதே ஸ்டிக்கரைத் தேடுங்கள்.

கிட்டைப் பிரித்து விற்பது

கிட் என்றால் பாடியும் லென்ஸும் சேர்ந்த பெட்டி. அதைப் பிரித்து, வெள்ளைப் பெட்டியில் தனியாக வரும் லென்ஸ் போலி அல்ல. வாரண்டி கார்டு யாரிடம் போனது என்று மட்டும் கேளுங்கள்.

மெமரி கார்டு

பாதி விலையா? வேண்டாம்.

பார்சல் பிரிக்கும்போது

வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். பெட்டியிலும் பாடியிலும் ஒரே சீரியல் நம்பரா என்று அதிலேயே காட்டுங்கள். கேமராக்காரருக்கு இதையுமா நான் சொல்ல வேண்டும்?