மணக்கும் நீர்ச்செடி புதுச் சிற்றினம்தானா? லிம்னோபிலாவை வைத்து ஒரு செய்முறை

வயல் ஓரத்திலோ ஏரிச் சேற்றிலோ ஒரு செடி. இலையைக் கசக்கினால் மாங்காயும் எலுமிச்சையும் கலந்த மணம். எந்தத் தாவர நூலின் விவரமும் பொருந்தவில்லை. இங்கிருந்து புதுப் பெயர் வெளியாகும் வரை என்னென்ன செய்ய வேண்டும்? ஏறத்தாழ 40 சிற்றினங்கள் கொண்ட லிம்னோபிலா பேரினத்தை எடுத்துக்கொள்வோம். மலையாளத்தில் இதை மாங்ஙாநாறி என்பார்கள். பழந்தமிழிலும் நாறுதல் என்றால் மணத்தல்தான். பூவைப் பிரித்துப் பாகங்களைப் பார்க்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் மணத்தைக் குறியுங்கள். செடியைப் பிடுங்கிய இடத்திலேயே, இலை, தண்டு, பூ என்று தனித்தனியாகக் கசக்கி எழுத வேண்டும். உலர்ந்த மாதிரியில் அது பெரும்பாலும் போய்விடும். ஆனால் மணத்தை மட்டும் நம்பிப் புதுச் சிற்றினம் என்று முடிவுகட்டாதீர்கள். மணம் தரும் எண்ணெயின் சேர்மானம் ஒரே சிற்றினத்துக்குள்ளேயே இடத்துக்கு இடம் மாறும்.

அடுத்தது சேகரிப்பு. வேரோடு 5 அல்லது 6 செடிகள் போதும். சிறு குட்டையாக இருந்தால் அதிலும் குறையுங்கள். நீருக்குள் இருக்கும் இலைகள் நூல்நூலாகப் பிரிந்தும் மேலே இருப்பவை முழுசாகவும் இருக்கலாம். இரண்டும் வேண்டும். நீரிலைகளை அப்படியே தாளில் வைத்தால் கட்டியாக ஒட்டிக்கொள்ளும். தட்டில் தண்ணீர் ஊற்றி மிதக்கவிட்டு, அடியில் தாளை நுழைத்து மெல்லத் தூக்குங்கள். பூக்களை 70 சதவீத ஆல்கஹாலில் போடுங்கள். டிஎன்ஏவுக்காக ஓர் இலையைத் தேயிலைப் பையில் வைத்து, அதன் எடையைப் போல 10 மடங்கு சிலிக்கா ஜெல்லில் புதையுங்கள். அழுத்திய தாள்களைத் தினமும் மாற்றுங்கள். ஓவனைவிட மின்விசிறிக் காற்றே மேல்; பூவின் நிறம் ஓரளவு நிற்கும்.

பலர் சறுக்கும் இடம் இனிமேல்தான். லிம்னோபிலாவைப் பிரித்தறிய உதவும் முக்கியமான அடையாளம் காய்க்கும்போதுதான் தெரியும். லிம்னோபிலா அரோமாட்டிகாவில் காய் முற்றியதும் புல்லிவட்டத்தில் இணைகோடுகள் மேடாக எழும்பும். லிம்னோபிலா இண்டிகாவில் எழும்பாது. பூவை மட்டும் வைத்துக்கொண்டு இதைச் சொல்லவே முடியாது. சரி, அக்டோபரில் பூவையும் டிசம்பரில் காயையும் எடுத்து ஒரே தாளில் ஒட்டி, அதையே ஹோலோடைப் (புதுப் பெயருக்கு அடையாளமாக நிற்கும் ஒரே மாதிரி) என்று அறிவித்தால்? பெயரே செல்லாது. ஹோலோடைப் ஒரே சேகரிப்பிலிருந்து, அதாவது ஒரே இடத்தில் ஒரே வேளையில் எடுத்ததிலிருந்து வர வேண்டும் என்பது விதி. ஆகவே கீழே காயும் நுனியில் பூவும் ஒரே தண்டில் இருக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள். மற்ற நாட்களில் எடுத்தவை பாராடைப்புகளாக, அதாவது துணை மாதிரிகளாக இருக்கட்டும்.

அளக்கும்போது, எடுத்தவற்றோடு பிடுங்காமல் விட்டவற்றையும் சேர்த்துக் குறைந்தது 10 செடிகளில் அளந்து, சிறியதும் பெரியதுமாக இரு எல்லைகளையும் எழுதுங்கள். பூக்காம்பின் நீளம், பூக்காம்புச் செதில் உண்டா இல்லையா, புல்லிவட்டத்தின் மயிர்கள், சுரப்பிகள், விதையின் மேற்பரப்பு ஆகியவற்றைத் தவறவிடாதீர்கள். உலர்ந்த பூவைக் கொதிநீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்போடு சில நிமிடம் போட்டால் விரியும். விலை உயர்ந்த கேமராவைவிட 20 மடங்கு கைலென்ஸும் வரைபடத்தாளும் வாங்குவது நல்லது.

ஒப்பிடும் வேலைதான் மிக நீளம். 1970இல் தாவரவியலாளர் பில்காக்ஸ் இந்தப் பேரினத்தைப் பற்றி வெளியிட்ட திருத்தாய்வில் தொடங்கி, அதற்குப் பின் வந்த சிற்றினங்களையும் சேருங்கள். இன்று வழக்கில் இருக்கும் பெயர்களோடு மட்டும் நிறுத்தினால் போதாது. இணைப்பெயராக (ஒரே செடிக்கு வைத்த வேறு பெயராக) ஒதுக்கப்பட்ட ஒவ்வொரு பழம்பெயரின் வகை மாதிரியையும், அதாவது அந்தப் பெயருக்கு அடையாளமான மாதிரியையும் பாருங்கள். உங்கள் செடிக்கு நூறாண்டுக்கு முன்பே எவரேனும் பெயர் வைத்திருக்கலாம். கோயம்புத்தூரில் உள்ள மெட்ராஸ் ஹெர்பேரியத்தில் (உலர்செடிக் காப்பகத்தில்) தாள்களை நேரில் பார்ப்பதற்கு இணையப் படங்கள் ஈடாகாது.

எழுதும்போது, நெருங்கிய சிற்றினத்திலிருந்து எப்படி வேறுபடுகிறது என்பதை முதலில் இரண்டு வரியில் சொல்லிவிட்டு முழு விவரத்துக்குப் போங்கள். விவரமோ அந்த வேறுபாட்டு வரிகளோ ஆங்கிலத்திலோ லத்தீனிலோ இருந்தாக வேண்டும். தமிழில் மட்டும் எழுதினால் பெயர் செல்லாது. ஹோலோடைப் எந்த ஹெர்பேரியத்தில் இருக்கிறது என்று குறிப்பிடாவிட்டாலும் அப்படித்தான். லிம்னோபிலா பெண்பால் பெயர் என்பதால் அடைமொழி, அதாவது பெயரின் இரண்டாம் சொல், அரோமாட்டிகா என்றுதான் முடியும், அரோமாட்டிகஸ் என்றல்ல. இந்தியாவில் கண்டதானால், 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்முகச் சட்டத்தின் 39ஆம் பிரிவின்படி, அங்கீகரித்த காப்பகத்துக்குத் தெரிவித்து மாதிரியையும் ஒப்படைக்க வேண்டும். செடி ஒரே குட்டையில்தான் இருக்கிறதென்றால் துல்லியமான ஜிபிஎஸ் எண்ணை அச்சிடாதீர்கள். மீன்தொட்டிச் செடி வணிகர்கள் அந்தக் குட்டையைத் துடைத்து எடுத்துவிடுவார்கள்.

பின்சேர்க்கை 1: லிம்னோபிலா என்று தேடினால் ஈக்களின் படம் வருகிறதா? பிழை இல்லை. அதே பெயரில் ஓர் ஈப் பேரினமும் உண்டு. விலங்குகளுக்கும் தாவரங்களுக்கும் பெயர் விதிகள் வேறு.

பின்சேர்க்கை 2: இரண்டு சிற்றினங்களுக்கு நடுத்தரமாக ஒரு செடி கிடைத்தால், கலப்பினமா என்று முதலில் பாருங்கள். இண்டிகாவும் செசிலிஃப்ளோராவும் கலந்த செடிக்கு அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து லுடோவிசியானா என்ற பெயரே வந்திருக்கிறது. மகரந்தத்தை அசிட்டோகார்மின் என்ற சாயத்தில் நனைத்து நுண்ணோக்கியில் பாருங்கள். பெரும்பாலானவை சாயம் ஏறாமல் சுருங்கிக் கிடந்து, காயில் விதையும் இல்லையென்றால், அது கலப்பினமாக இருக்கலாம்; ஹோலோடைப் தாளை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.