வால்பாறை ரோட்டுல யானைக்குட்டி தனியா நின்னா என்ன பண்ணணும்

காரைக்குடியிலேர்ந்து வால்பாறை, முதுமலைன்னு வேன் புடிச்சுப் போறவுக இத ஒருதரம் படிச்சுட்டுக் கிளம்புங்க. குட்டி தனியா நின்னா உடனே அநாதைன்னு முடிவு பண்ணாதீங்க, அம்மாக்காரி புதருக்குள்ளயே நிக்கலாம், கிட்டப் போனா நம்ம கதை முடிஞ்சுது. ஹாரன் அடிக்காம மெதுவா வண்டிய பின்னால எடுத்து செக்போஸ்ட்ல சொல்லுங்க.

தொடவே தொடாதீங்க. 2023 டிசம்பர்ல ஆனைமலையில பிரிஞ்ச குட்டி ஒண்ண வனத்துறை ஆளுங்க கூட்டத்தோட சேத்துவிட்டாக, அது லேசுப்பட்ட வேலை இல்ல.

பாவம்னு பசும்பால் ஊத்துறது இன்னும் மோசம், வயித்தால போயி உயிருக்கே ஆபத்தாயிரும். முதுமலையில இருக்குற தெப்பக்காடு யானை முகாம்ல குட்டிகளுக்குப் பால்பவுடர அளந்து கலக்கி, ராப்பகல் பாக்காம பக்கத்துலயே கிடந்து குடுக்குறாக.

போன தடவ ஆழியாறு தாண்டி யானையப் பாத்ததும் எங்க ஆச்சி, கோயில் யானைக்குப் பழம் குடுத்த பழக்கத்துல மாவுருண்டை டின்னோட இறங்கப் பாத்தாக, கையப் புடிச்சு உக்கார வச்சோம். தின்பண்டக் கவரையும் வெளிய வீசாதீங்க, ருசி கண்டுட்டா யானை ரோட்டுக்கே வரும். முதுமலை-பந்திப்பூர் ரோடு ராத்திரி 9 லேர்ந்து காலையில 6 வரைக்கும் மூடிருவாக, அதுக்கேத்த மாதிரி கிளம்புங்க.