ஹாக்கி கார்டு சேகரிப்பு: காசைக் கரியாக்காமல் தொடங்குவது எப்படி?

நான் சொல்லப்போவது நம் ஊர் மைதான ஹாக்கி அல்ல. கனடாவில் பனித்தளத்தில் ஆடுகிறார்களே, அந்த ஐஸ் ஹாக்கி. அதன் ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட சிறு அட்டைகள்தான் ஹாக்கி கார்டு. டொராண்டோ பக்கம் குடிவந்த புதிதில், பையன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து "அப்பா, எனக்கும் கார்டு வேணும்" என்று நின்றான். எனக்கு அப்போது இதில் அரிச்சுவடிகூடத் தெரியாது. அடுத்த வாரமே ஒரு வீட்டு வாசலில் நடந்த பழைய சாமான் விற்பனையில் (கராஜ் சேல்) 1990-91 கார்டுகள் நிறைந்த பெட்டியை 60 டாலருக்கு வாங்கி வந்தேன். அவ்வளவு பழசு, கண்டிப்பாகப் புதையல்தான் என்று நினைப்பு. கார்டு கடைக்காரர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "சும்மா கொடுத்தாலும் வைக்க இடமில்லை" என்றார். அந்த 60 டாலருக்குக் கிடைத்த படிப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

படி 1: பழசு என்றதும் பர்ஸை எடுக்காதீர்கள்

1990-91 சீசனில் ப்ரோ செட், ஸ்கோர், அப்பர் டெக் என்ற மூன்று நிறுவனங்களும் ஹாக்கி கார்டு சந்தைக்குள் புதிதாக நுழைந்தன. ஓ-பீ-சீயும் டாப்ஸும் ஏற்கெனவே இருந்தன. எல்லோரும் போட்டி போட்டு அச்சடித்துத் தள்ளினார்கள். வாங்கியவர்களும் பிற்காலத்தில் விலை ஏறும் என்று பத்திரமாகப் பூட்டி வைத்தார்கள். அதனால்தான் இன்றும் அவை மூட்டை மூட்டையாகக் கிடைக்கின்றன.

ஐஸ் ஹாக்கி ஜாம்பவான் வேய்ன் கிரெட்ஸ்கியின் 1979-80 ஓ-பீ-சீ கார்டின் கதை இதற்கு நேர் எதிர். அந்தக் காலத்துப் பிள்ளைகள் கார்டை சைக்கிள் சக்கரக் கம்பியில் செருகி டரடரவென்று ஓட்டினார்கள். போதாததற்கு அதன் ஓரம் நீல நிறம். லேசாகத் தேய்ந்தாலும் வெள்ளையாகத் தெரிந்துவிடும். அதனால் பழுதில்லாமல் தப்பியவை மிகமிகக் குறைவு. தர மதிப்பீட்டில் (கார்டின் நிலையைச் சோதித்து நிறுவனங்கள் தரும் மதிப்பெண்) 10க்கு 10 வாங்கிய ஒன்று 2021இல் 37.5 லட்சம் அமெரிக்க டாலருக்குப் போனது. வயது மட்டும் விலை ஆகாது. எத்தனை மிஞ்சியிருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பதுதான் கணக்கு.

படி 2: எதைச் சேர்ப்பது என்று முதலில் எழுதி வையுங்கள்

ஒரு அணியா, ஒரு ஆட்டக்காரரா, ஒரு வருடத்து முழு செட்டா? ஏதாவது ஒன்று போதும். "நல்லதாக எது கிடைத்தாலும்" என்று கிளம்பினால் மாதக் கடைசியில் கிரெடிட் கார்டுதான் மிஞ்சும். என் பையன் டொராண்டோ அணியான மேப்பிள் லீஃப்ஸ் மட்டும் என்று முடிவு செய்தான். 1967இல் கடைசியாகக் கோப்பை ஜெயித்துவிட்டு இன்னும் காத்திருக்கும் அணி. அவன் பொறுமைக்குப் பொருத்தம்தான்.

குழந்தைகளோடு தொடங்குபவர்களுக்கு டிம் ஹார்ட்டன்ஸ் காபிக் கடைக் கார்டுகளைச் சொல்வேன். சீசன் தொடங்கும் இலையுதிர் காலத்தில் காபிக் கடையிலேயே கிடைக்கும், விலையும் குறைவு. வகுப்பில் எல்லோரிடமும் இருப்பதால் மாற்றிக்கொள்ளவும் ஆள் உண்டு.

படி 3: பாக்கெட் வேண்டாம், ஒற்றைக் கார்டாக வாங்குங்கள்

புதுக் கார்டுகள் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத மூடிய பாக்கெட்டுகளில் வரும். இந்தப் பதிவில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள்.

இந்த உலகத்தில் அதிகம் தேடப்படுவது ஒரு ஆட்டக்காரரின் முதல் சீசன் கார்டு, அதாவது 'ரூக்கி கார்டு'. அதிலும் அப்பர் டெக் வெளியிடும் 'யங் கன்ஸ்' வரிசைக்குத் தனி மவுசு. நட்சத்திர ஆட்டக்காரர்களான சிட்னி கிராஸ்பி (2005-06), கானர் மெக்டேவிட் (2015-16), ஆஸ்டன் மேத்யூஸ் (2016-17) மூவரின் யங் கன்ஸ் கார்டுக்கும் ஒரே எண், 201.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு சீரீஸில் (ஒரு சீசனுக்குள் தனித்தனியாக வெளிவரும் தொகுதி) வழக்கமாக 50 யங் கன்ஸ் இருக்கும். ஒரு ஹாபி பெட்டியில் (கார்டு கடைகளில் விற்கும், பாக்கெட்டுகள் அடங்கிய பெட்டி) சராசரியாக 6 கிடைக்கும். உங்களுக்கு வேண்டிய அந்த ஒருவர் ஒரு பெட்டியில் வருவதற்கான வாய்ப்பு 50க்கு 6, கிட்டத்தட்ட எட்டுப் பெட்டிக்கு ஒன்று. எட்டுப் பெட்டி வாங்கும் காசில் பெரும்பாலான ரூக்கிகளின் கார்டைத் தனியாக வாங்கிவிட்டு மீதியில் ஆட்டமே நேரில் பார்க்கலாம். பாக்கெட் பிரிப்பதில் ஒரு குஷி இருக்கிறது, மறுக்கவில்லை. பிறந்தநாளுக்கு ஒன்றிரண்டு பிரியுங்கள். ஆனால் அது லாட்டரிச் சீட்டு, அந்தக் கணக்கில் எழுதுங்கள்.

அப்புறம், எந்தக் கார்டு எந்த சீரீஸில் வருகிறது என்று சொல்லும் பட்டியலை (செக்லிஸ்ட்) பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள். 2023-24இல் புதுமுகம் கானர் பெடார்டின் யங் கன்ஸ் கார்டு சீரீஸ் 2இல்தான் வந்தது, எண் 451. அவரைத் தேடி சீரீஸ் 1 பெட்டிகளைப் பிரித்திருந்தால் ஆயிரம் பிரித்தாலும் வந்திருக்காது.

படி 4: விற்ற விலையைப் பாருங்கள்

ஈபேயில் யாரும் எந்த விலையும் போடலாம். தேடும்போது 'சோல்ட் ஐட்டம்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் உண்மையில் கைமாறிய விலை தெரியும். கடைசி ஐந்தாறு விற்பனையைப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள். தபால் செலவையும், அமெரிக்காவிலிருந்து வந்தால் வரியையும் கூட்டிக்கொள்ளுங்கள். 5 டாலர் கார்டு 20 டாலராகி வீடு வந்து சேரும்.

புது சீரீஸ் வெளிவந்த வாரத்தில் வாங்காதீர்கள். பரபரப்பில் விலை உச்சத்தில் இருக்கும். ஓரிரு மாதம் பொறுத்தால் பெரும்பாலும் இறங்கிவிடும். மிஸ்ஸிசாகாவில் நடக்கும் பெரிய கார்டு கண்காட்சிக்குப் போகிறவர்கள் ரொக்கமாகக் கொண்டு போங்கள், பேரம் சுலபமாகப் படியும்.

படி 5: உறை, பிறகு கெட்டி அட்டை

ஒரு காசு விலையில் கிடைத்ததாலோ என்னவோ, மெல்லிய உறைக்கு 'பென்னி ஸ்லீவ்' என்று பெயர். முதலில் அதில் போட்டு, நல்ல கார்டானால் அதற்கு மேல் கெட்டியான 'டாப்லோடர்'. மற்றவற்றுக்கு ஒன்பது அறை கொண்ட பைண்டர் தாள் போதும். பிவிசி கலக்காததாகக் கேட்டு வாங்குங்கள். கார்டைப் பேஸ்மென்ட்டில் வைக்காதீர்கள், ஈரத்தில் வளைந்துவிடும்.

தர மதிப்பீட்டுக்கு அனுப்புவது இப்போதைக்கு வேண்டாம். கட்டணமும் தபாலும் சேர்ந்து பல கார்டுகளின் விலையையே தாண்டிவிடும். கிரெட்ஸ்கி ரூக்கி மாதிரி விலை உயர்ந்த கார்டு விஷயத்தில் மட்டும் இது தலைகீழ்: போலிகள் ஏராளம் என்பதால் மதிப்பிட்டு முத்திரையிட்டதைத் தவிர வேறு எதையும் தொடாதீர்கள்.

உறையில் போடும்போது மூலை மடங்காமல் இருக்கக் கை பழக வேண்டும். அதற்கு என் 1990-91 பெட்டி நன்றாக உதவியது. பையன் அதில் இருநூறு கார்டைக் கசக்கிவிட்டுத்தான் லீஃப்ஸ் ஆட்டக்காரர் மேத்யூஸின் கார்டைத் தொட்டான்.