உல்லாசக் கப்பலின் நீச்சல் குளத்தருகே கைபேசியைக் காப்பது எப்படி?

உல்லாசக் கப்பலின் மேல்தளத்தில் கைபேசிக்குத் தண்ணீரை விடவும் பெரிய பகை வெயில்தான் என்பது என் கருத்து. ஐபோன்கள் 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலில் இயங்குவதற்கென வடிவமைக்கப்பட்டவை. கரீபியன் கடலின் நண்பகல் வெயிலில் சாய்வு நாற்காலியில் கிடக்கும் கைபேசி அந்த எல்லையை விரைவில் தாண்டிவிடும். கப்பல் திசை திரும்பும்போது நிழலும் இடம் மாறிவிடுமாதலால், நிழலில்தானே வைத்தோம் என்று இருந்துவிடாமல், வெளிர்நிறத் துணிப்பையில் இட்டு நாற்காலிக்கு அடியில் வைத்து, அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

தூசியையும் நீரையும் தாங்குமா எனச் சோதித்துத் தரப்படும் ஐபி68 என்ற குறியீட்டை மட்டும் நம்பிக் கைபேசியுடன் நீரில் இறங்க வேண்டாம். அந்தச் சோதனை நன்னீரில் நடத்தப்படுவது. பல கப்பல்களின் குளங்களிலோ கடல்நீரே நிரப்பப்படுகிறது. நீர்புகாப் பை வாங்கியிருந்தால், முதலில் அதனுள் மெல்லிய காகிதத்தை மட்டும் வைத்து மூடி, அறையின் கைகழுவும் தொட்டியில் அரைமணி நேரம் அமிழ்த்தி, காகிதம் உலர்ந்தே இருப்பதை உறுதிசெய்த பிறகே கைபேசியை அதில் வையுங்கள்.

குளத்து நீர் பட்டுவிட்டால் உடனே கைபேசியை அணைத்து, நன்னீரில் சற்றே நனைத்த மென்துணியால் துடைத்து, சார்ஜ் செய்யும் துளை கீழ்நோக்கி இருக்குமாறு காற்றோட்டத்தில் உலரவிடுங்கள். துளை முற்றிலும் உலரும்வரை சார்ஜ் செய்யக் கூடாது. அரிசிக்குள் புதைத்து வைப்பதை ஆப்பிள் நிறுவனமே தவிர்க்கச் சொல்கிறது, ஏனெனில் நுண்ணிய அரிசித் துகள்கள் உள்ளே சென்று கேடு விளைவிக்கலாம்.

குளத்தருகே தேவைப்படாத மடிக்கணினியும் டேப்லெட்டும் அறையின் பாதுகாப்புப் பெட்டகத்திலேயே இருக்கட்டும்.